டி-பெல்ட் விளக்கு எரியாத ஹையேஸ்: ஒரு டைமிங் பெல்ட் நிகழ்வு ஆய்வு

வண்டி: டொயோட்டா ஹையேஸ் வேன், 3.0 லிட்டர் டீசல், 1கேடி-எஃப்டிவி எஞ்சின். 2014இல் ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக (அதிகாரபூர்வ முகவர் வழியாக அல்லாமல்) வந்து அதே ஆண்டு சிங்கப்பூரில் பதிவானது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 2024இல் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. இப்போது மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கிறது. மீட்டரில் 128,400 கி.மீ. விடிகாலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்காவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் இறக்குவதுதான் அன்றாட வேலை.

டைமிங் பெல்ட் என்பது பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் பல் வைத்த பெல்ட். அதை மாற்றியதற்குப் பில் இல்லை. விற்றவரின் வாய்ச்சொல் மட்டும் உண்டு: “அண்ணே, ஒரு லட்சத்துலயே மாத்தியாச்சு. டி-பெல்ட் லைட்டு எரியுதா பாருங்க, எரியலையே!”

இந்த வகை வேன்களில் வழக்கமாகக் காணும் நிலைமைகளை ஒரே வண்டியில் சேர்த்து இங்கே எழுதுகிறோம். முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பெல்ட் மாற்றப்பட்டதா, இல்லையா? இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

எந்த நாட்டுக்குச் செய்த வண்டி?

சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதிதான். ஆனால் முகவர் வழியாக வந்த வண்டிக்கும் பேரலல் இம்போர்ட் வண்டிக்கும் பெல்ட் விஷயத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஒரே எஞ்சினுக்கு டொயோட்டா எல்லா நாட்டிலும் ஒரே கெடு வைக்கவில்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த டீசல் ஹையேஸில் டைமிங் பெல்ட்டை 100,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதே 1கேடி எஞ்சினுக்கு ஆஸ்திரேலியா போன்ற ஏற்றுமதிச் சந்தைகளில் 150,000 கி.மீ. என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் இரண்டு எண்ணும் கிடைக்கும், இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதை லாக் கார்டே (வண்டியின் பதிவு ஆவணம்) சொல்லும். சேசிஸ் எண் கேடிஎச்201 என்று மாடல் குறியீட்டில் தொடங்கி, பின்னால் ஏழு இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டு வண்டி. ஜேடிஎஃப் என்று தொடங்கும் 17 எழுத்து எண்ணாக இருந்தால் ஏற்றுமதிக்குச் செய்தது. இந்த வேனில் முதல் வகை எண். கையேடும் ஜப்பானிய மொழியில்தான் இருந்தது, அதனாலேயே மூன்று உரிமையாளர்களில் ஒருவரும் அதைப் புரட்டியதில்லை. ஆகவே 100,000 கி.மீ.தான் இதற்குக் கெடு. தயாரிப்பாளர் கணக்கிலேயே இந்த வண்டி 28,400 கி.மீ. தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் மாற்றப்படாமல் இருந்திருந்தால்.

விளக்கு எதை எண்ணுகிறது?

மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் எரியும் ‘டி-பெல்ட்’ விளக்கைப் பலர் சென்சார் என்று நினைக்கிறார்கள். பெல்ட்டின் பக்கத்தில் எந்தச் சென்சாரும் கிடையாது. விரிசல், தளர்வு, எண்ணெய்க் கசிவு எதையும் அந்த விளக்கு அறியாது. ஓடிய கிலோமீட்டரை எண்ணி, குறித்த தொலைவு வந்ததும் எரியும், அவ்வளவுதான். அதை அணைக்க ஸ்பேனர் வேண்டாம். ஓடோமீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பும் சில வினாடி வேலை. அந்த நேரத்தில் அடுத்த கெடுவையும் எண்ணாகக் குறிக்கலாம்: 10 என்றால் 100,000 கி.மீ., 15 என்றால் 150,000 கி.மீ.

ஆக, 128,400 கி.மீ.யில் விளக்கு எரியாமலிருக்க மூன்று காரணங்கள் இருக்கலாம். உண்மையிலேயே பெல்ட் மாற்றி விளக்கை ரீசெட் செய்திருக்கலாம். பெல்ட்டைத் தொடாமல், கண்ணை உறுத்துகிறதென்று விளக்கை மட்டும் அணைத்திருக்கலாம். அல்லது யாரோ எண்ணை 15இல் வைத்திருக்கலாம். மூன்றிலும் மீட்டர் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய வேன் வாங்கும்போது எரியாத விளக்கைச் சான்றாக ஏற்பது, பூட்டிய கடையைப் பார்த்து உள்ளே சரக்கு இருக்கிறது என்று நம்புவதைப் போன்றது.

பரிசோதனை நிலையத்தில் தேறியதும் சான்றாகாது. 10 ஆண்டு தாண்டிய சரக்கு வேனை 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாம் பார்ப்பார்கள். டைமிங் கவரைத் திறந்து பார்ப்பது அந்தப் பரிசோதனையின் வேலையல்ல.

கிலோமீட்டர் மட்டும் போதாது

11 ஆண்டில் 128,400 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 11,700 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. “கம்மியா ஓடின வண்டி” என்று விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார். டைமிங் பெல்ட்டுக்கு அது நல்ல செய்தி அல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்குக் கடை நின்று இறக்கும் வேனின் சராசரி வேகம், நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 128,400 கி.மீ. ஓட 6,420 மணி நேரம் எஞ்சின் சுற்றியிருக்கிறது. அதில் பாதி, அதாவது 3,210 மணி நேரம், நின்ற இடத்தில் ஏர்கானுக்காக ஓடிய ஐடில் என்று கொள்வோம். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றுக்குச் சற்று மேல் ஓடும், விரைவுச்சாலையில் 2,000ஐத் தாண்டும். ஆகவே ஐடில் நேரத்தை மூன்றில் ஒரு பங்காக எடுத்தால் 1,070 மணி. ஓட்டத்தில் கழிந்த 3,210 மணியையும் சேர்த்தால் 4,280 மணி. இதே மணி நேரம் 50 கி.மீ. சராசரி வேகத்தில் ஓடியிருந்தால் மீட்டர் 214,000 கி.மீ. காட்டியிருக்கும். அனுமானங்களைக் கொஞ்சம் மாற்றினாலும் முடிவு பெரிதாக மாறாது: பெல்ட்டின் பற்கள் மீட்டர் சொல்வதைவிட நெடுந்தூரம் நடந்திருக்கின்றன. (நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.)

அடுத்தது வயது. டைமிங் பெல்ட் என்பது ரப்பர் உடல், உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள், பற்களின் மேல் நைலான் துணி. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெப்பத்தில் இறுகும். ஹையேஸில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் அடைபட்டிருக்கிறது. வண்டி ஓடும்போதாவது காற்று கிடைக்கும். அணைத்த பிறகு அந்தப் பெட்டிக்குள் சேர்ந்த சூடு மெல்லத்தான் இறங்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை நின்று கிளம்பும் வண்டியில் இது இருபது தடவை நடக்கிறது.

இங்கே ஓடும் ஜப்பான் டீசல் வேனுக்கு எங்கள் தீர்மானம் 100,000 கி.மீ. அல்லது 7 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. கையேட்டில் 7 ஆண்டு என்று தேடாதீர்கள். நின்று நின்று ஓடும் வேலைக்காக நாங்கள் கூடுதலாக வைக்கும் எல்லை இது. விரைவுச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியென்றால் இன்னும் ஓரிரு ஆண்டு பொறுக்கலாம்.

கவரைத் திறந்தபோது

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி கண்ணால் பார்ப்பது. இருக்கையைத் தூக்கி, எஞ்சின் மேல்மூடியை எடுத்து, ஃபேன் ஷ்ரவுடை (விசிறியைச் சுற்றியுள்ள கூடு) விலக்கினால் டைமிங் கவர் கைக்கு எட்டும். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் போல்ட் தலைகள். சாக்கெட் ஏறிய போல்ட்டில் விளிம்பு மினுங்கும், மேல்பூச்சு உரிந்திருக்கும். இந்த வேனில் எல்லாத் தலைகளும் ஒரே சீராக மங்கியிருந்தன. போல்ட்டைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு வளையமாகப் படிந்து, எங்கும் உடையாமல் இருந்தது. கவரின் மேலோ கதவு ஓரத்திலோ எந்த ஸ்டிக்கரும் இல்லை. பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டுவது ஜப்பானியப் பட்டறைகளில் வழக்கம். இங்கேயும் நல்ல பட்டறைகள் ஒட்டுகின்றன.

கவரைக் கழற்றியதும் உள்ளே ரப்பர்த் தூள் மெல்லிய கரும்பொடியாகப் படிந்திருந்தது. பெல்ட்டின் முதுகில் அச்செழுத்துகள் பாதி தேய்ந்து, தொழிற்சாலைக் குறியீடு மட்டும் தெரிந்தது. முதுகு கண்ணாடி போலப் பளபளத்தது. விரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியவில்லை. புது பெல்ட்டில் நகம் இலேசாகப் பதிந்து மீளும். பெல்ட்டை ஓரிடத்தில் இலேசாக வளைத்து டார்ச் அடித்தபோது, பல்லின் அடியில் மயிரிழை அளவு விரிசல் இரண்டு மூன்று இடத்தில் தெரிந்தது. முன்பக்க ஓரத்தில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆயில் சீலிலிருந்து கசிந்த ஈரம். எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் ஊதி, துணி உரிய ஆரம்பித்திருந்தது.

இது வண்டியோடு பிறந்த பெல்ட். யாரும் மாற்றவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெல்ட்டில் குறை தெரிந்ததால் முடிவு எளிதாயிற்று. குறை தெரியாவிட்டால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. இன்றைய பெல்ட் ரப்பர் மேலே விரிசல் காட்டாமலே உள்ளே கயிறு அறுந்துபோகக்கூடியது. கண்பார்வை ‘மாற்று’ என்று சொல்ல உதவும், ‘வைத்துக்கொள்’ என்று சொல்ல உதவாது. வயதும் தூரமும் கடந்திருந்து, பில்லும் இல்லையென்றால், பெல்ட் எவ்வளவு கறுப்பாக, அழகாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றிய விதம்

1கேடி எஞ்சினில் வேலை மற்ற எஞ்சின்களைவிடச் சுலபம். கிராங்கிலிருந்து (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) பல்சக்கரம் வழியாகச் சுற்றும் ஒரு சிறு புல்லி, அதிலிருந்து கேம்ஷாஃப்ட் வரை குட்டையான பெல்ட். எனவே கிராங்க் புல்லியைப் பிடுங்க வேண்டியதில்லை. டீசல் பம்ப் பல்சக்கரத்தில் ஓடுவதால் அதற்குத் தனி டைமிங்கும் இல்லை. வாட்டர் பம்பும் இந்தப் பெல்ட்டில் ஓடவில்லை, வெளிப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. “டைமிங் பெல்ட்டோட வாட்டர் பம்பும் மாத்தணும்” என்பது சுபாரு ஈஜே எஞ்சினுக்குச் சரி, அங்கே பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். இங்கே பம்ப் ஒழுகவில்லை, ஆட்டம் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

வாங்கிய சாமான்: டைமிங் பெல்ட் 1, ஐட்லர் புல்லி (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் உருளை) 1, ஹைட்ராலிக் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருப்பது) 1, கேம்ஷாஃப்ட் முன் ஆயில் சீல் 1. எப்படியும் கழற்றப்போவதால் வெளி ஃபேன் பெல்ட்டுகளும் புதிது. பெல்ட் மட்டும் போதும் என்று சிலர் கேட்பார்கள். கழற்றிய ஐட்லரைக் கையில் பிடித்துச் சுற்றியபோது கிரீஸ் வற்றி, சிறு கரகரப்புடன் நெடுநேரம் தானாகவே சுற்றியது. நல்ல பேரிங் கிரீஸின் பிடிப்பால் சீக்கிரம் நின்றுவிடும். பேரிங் இறுகினால் புது பெல்ட்டையும் அதுவே அறுக்கும். புது பெல்ட்டுக்குப் பழைய ஐட்லர் போடுவது காசு மிச்சம் ஆகாது.

எஞ்சின் முழுக்க ஆறியபின் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் திருப்பி, கேம் புல்லியின் குறியைக் கவர் விளிம்பில் உள்ள குறியோடு நேர்ப்படுத்த வேண்டும். கீழ்ப் புல்லிக்கும் தனிக் குறி உண்டு. இரண்டிலும் வெள்ளைப் பெயின்ட் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். பிறகு டென்ஷனரின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் டென்ஷனர் கோணலாகி போல்ட்டின் மரை போய்விடும்.

புது டென்ஷனர் பெரும்பாலும் அதை அமுக்கிய நிலையில் பிடிக்கும் சிறு ஊசி (‘பின்’) மாட்டியே வரும். பெல்ட் ஏற்றி முடியும்வரை அந்தப் பின்னைத் தொடக்கூடாது. தவறி விடுபட்டுவிட்டால் வைஸில் நிமிர்த்தி வைத்து மிக மெதுவாக, சில நிமிடம் எடுத்து அமுக்கி, மெல்லிய ஆலன் சாவியை ஓட்டையில் செருக வேண்டும். அவசரமாக அமுக்கினால் உள்சீல் கிழிந்து, சில மாதத்தில் எண்ணெய் ஒழுகிப் பெல்ட் தளரும்.

பெல்ட்டைப் புல்லிகளில் ஏற்றும்போது ஸ்க்ரூட்ரைவரால் நெம்பக்கூடாது. மடிக்கவோ முறுக்கவோ கூடாது. கண்ணாடி இழை ஒரு மடிப்பிலேயே உள்ளுக்குள் உடையும், வெளியே தெரியாது. கடையிலிருந்து கொண்டுவரும்போது பாக்கெட்டில் மடித்துச் செருகிய பெல்ட்டையும் போடாதீர்கள்.

பின்னை இழுத்த பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்ற வேண்டும், அதனால்தான் இரண்டு. நடுவில் எங்காவது திடமாக முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும், அது வால்வு பிஸ்டனைத் தொடும் உணர்வு. இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரை அடிப்பவர் எந்த அனுபவசாலியாக இருந்தாலும் அவரிடம் வண்டியை விடாதீர்கள். இந்த வேனில் சீல் மாற்றியதையும் சேர்த்து வேலை அரை நாளில் முடியும்.

அறுந்திருந்தால்

1கேடி, வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிடும் எஞ்சின். பெல்ட் அறுந்தால் கேம் நிற்கும், கிராங்க் ஓடும், திறந்து நின்ற வால்வில் பிஸ்டன் மோதும். டீசலில் எரிஅறை மிகவும் ஒடுக்கமாதலால் தப்பிக்க இடமே இல்லை. வால்வுகள் வளையும், கேம்ஷாஃப்டும் உடையலாம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவு பெல்ட் வேலையைப்போலப் பல மடங்கு. வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் சரக்கை யார் இறக்குவது என்பது தனிக் கணக்கு.

ஓடும்போது எஞ்சின் சட்டென்று நின்று, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, இலேசாகச் சுற்றுகிறதா? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) போய்விட்டது, பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் இன்னொரு வால்வை வளைக்கலாம். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகில் உள்ள குறித்த வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும்.

மாற்றிய பிறகு புகை கூடினால், காலையில் கிளம்பச் சிரமப்பட்டால், இழுவை குறைந்தால், பெல்ட் ஒரு பல் தள்ளி ஏறியிருக்கலாம். “பழகினா சரியாயிடும்” என்று சொன்னால் ஏற்காதீர்கள். அன்றே கவரைத் திறக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் பெல்ட்டா, செயினா?

எல்லா இறக்குமதி வண்டிக்கும் இந்தக் கவலை இல்லை. ஹையேஸிலேயே பின்னால் வந்த 2.8 லிட்டர் 1ஜிடி எஞ்சினில் செயின். அதோடு போட்டி போடும் நிசான் வேனின் ஒய்டி25 டீசலிலும் செயின்தான். பெல்ட் உள்ளவை: டொயோட்டா 2கேடி டீசல், பழைய ஹாரியர், எஸ்டிமாவில் வந்த 3.0 வி6 1எம்இசட், சுபாரு ஈஜே வகை, மிட்சுபிஷி 4ஜி63, 4ஜி18. சிஓஇ புதுப்பித்து வைத்திருக்கும் பழைய லான்சர், இம்ப்ரெசா வைத்திருப்பவர்கள் இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய வண்டியில் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ என்று ஒரே பெயரில், முந்திய ஈஏ111இல் செயின், பிந்திய ஈஏ211இல் பெல்ட்.

சிஓஇ முடியப்போகிறதே, இப்போது எதற்குச் செலவு என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. இந்த வேனுக்கு 2029 வரை உரிமை இருக்கிறது. இதே ஓட்டத்தில் அதுவரை இன்னும் 50,000 கி.மீ.கூட ஓடாது. 7 ஆண்டுக் கெடுவும் அதற்கு முன் வராது. இன்று போடும் ஒரே பெல்ட் கடைசி நாள் வரை போதும். ஆனால் கேம் சீலை ஆறு மாதப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புது பெல்ட்டில் எண்ணெய் பட்டால் கெடுவுக்கு அர்த்தமில்லை.

வேலை முடிந்ததும் மீட்டர் எண்ணை 10இல் வைத்து ரீசெட் செய்து, கவரின் மேல் நன்றாகத் துடைத்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர்: தேதி, 128,400 கி.மீ., பெல்ட், ஐட்லர், டென்ஷனர், சீல் என்று மாற்றிய நான்கின் பெயர்கள். அதே விவரத்தோடு பாகங்களின் எண்களையும் எழுதிய பில் லாக் கார்டின் நகலோடு ஒரே உறையில். பழைய பெல்ட்டையும் ஐட்லரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் விடுவதற்கு இடமே இருக்காது.